ஆறடித் தொட்டில்

குடும்ப நீதிமன்றத்தின் மூன்றாவது மாடியில், பதினேழாம் எண் அறையில், ஒரு குழந்தை ஒன்பது ஆண்டுகளாகப் பத்து மாதக் குழந்தையாகவே இருந்து வந்தது.

வெளியே அவள் வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். பல் முளைத்தது, விழுந்தது, மறுபடி முளைத்தது. பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொண்டாள். வகுப்பில் உயரத்தில் இரண்டாவது. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையின் வாசற்படியைத் தாண்டிவிட்டால் அவளுக்கு வயது பத்து மாதம். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்ததும் பழையபடி பத்து வயதை எட்டப்போகிற பெண். இப்படியொரு அதிசயம் வாராவாரம் நடப்பதை மருத்துவ உலகம் கவனிக்காமல் விட்டது அதன் நஷ்டம்.

பிறந்தபோது கையளவுதான் இருந்தாள் என்பதால் பட்டாணி என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் 'வலிக்காது' என்று பொய் சொல்லும் வேலை. பிரிந்த காலத்தில் எதற்காகச் சண்டை போட்டோம் என்பது இப்போது இருவருக்குமே அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. சத்தமாகப் போட்டோம் என்பது மட்டும் தெளிவாக நினைவிருந்தது. மறுபடி ஒரே வீட்டில் வாழும் எண்ணம் அறவே கிடையாது. ஆனால் பட்டாணி விஷயத்தில் இருவருக்கும் இருந்த தகராறு தீர்ந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது.

இதை நீதிமன்றத்தில் சொல்லியும் பார்த்தார்கள். தகராறே இல்லையென்றால் வழக்கை எப்படி நடத்துவது என்று நீதிமன்றம் கோபித்துக்கொண்டது. 'கட்சிக்காரர்கள் வழக்கில் போதிய அக்கறை காட்டவில்லை' என்று பதிவு செய்து, ஆறு மாதம் தள்ளிவைத்தது.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த இடைக்கால உத்தரவு. அதை எழுதிய முதல் நீதிபதி குழந்தைகள் மேல் மிகுந்த அன்புள்ளவர். எழுதும் முன் குழந்தை வளர்ப்பு பற்றிய கையேடு ஒன்றை முழுவதும் படித்தார். அதுதான் வினையாகிப் போனது. சனிக்கிழமைதோறும் பத்து முதல் பன்னிரண்டு வரை, குழந்தை சந்திப்பு அறையில் தந்தை குழந்தையைப் பார்க்கலாம். மூன்றாவது மாடியில் குழந்தையின் பாதம் தரையில் படாதவாறு தாய் தூக்கி வந்து தந்தை கையில் ஒப்படைக்க வேண்டும். பதினொரு மணிக்கு வெதுவெதுப்பான பால் நூறு மில்லி, புட்டியில். பதினொன்றேகாலுக்குத் தொட்டிலில் இட்டு அரைமணி நேரம் ஆட்ட வேண்டும். தந்தை குழந்தையிடம் அதன் வயதுக்கேற்ற மெல்லிய ஒலிகளில் மட்டுமே பேச வேண்டும். ஏழாவது பத்தியாக, இதைத் தவிர வேறெங்கும், வேறெப்போதும் தந்தை குழந்தையைப் பார்க்கக் கூடாது. மீறினால் இந்த உரிமையும் போய்விடும்.

பத்து மாதக் குழந்தைக்கான உத்தரவாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. நான்கு வாரங்களுக்கு என்றுதான் எழுதியிருந்தார். 'அல்லது அடுத்த விசாரணை வரை' என்று நான்கு வார்த்தை கூடுதலாகப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றார். அதன் பிறகு நூற்று நான்கு அடுத்த விசாரணைகள் வந்தன. ஐந்து நீதிபதிகள் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் உத்தரவைப் படித்து, முன்னவரின் ஈர மனத்தைப் பாராட்டி, ஒரு வரிகூட மாற்றாமல் நீட்டித்தார்கள்.

மூன்றாவது மாடிக்கு ஏற லிஃப்ட் உண்டு. அது நான்கு வருடமாக ஓடவில்லை. "டோர் சென்சார்ல தூசிதான் சார், பத்து நிமிஷ வேலை, நானே பாத்துத் தர்றேன்" என்று பட்டாணியின் அப்பா சொல்லி, எழுதியும் கொடுத்தார். வழக்கின் ஒரு கட்சிக்காரர் லிஃப்டைச் சரிசெய்தால், அதில் ஏறும் நீதிபதிக்கு அவர்மேல் நன்றியுணர்ச்சி ஏற்படக்கூடும் என்று பதில் வந்தது. எனவே நீதி படியேறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைகளில் பட்டாணி படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவாள். கடைசித் திருப்பத்தில் நின்று அம்மா வரக் காத்திருப்பாள். அங்கிருந்து சந்திப்பு அறைக் கண்காணிப்பாளர் அம்மாளின் நாற்காலி தெரியும். அம்மா குனிந்து, மூச்சைப் பிடித்து, முப்பத்திரண்டு கிலோவைத் தூக்குவார்.

"அம்மா, கால் படுது" என்பார் கண்காணிப்பாளர், பேனாவை எடுத்தபடி.

"எங்க படுது?"

"பெருவிரல். கொஞ்சம் மேல ஏத்திப் பிடிங்க."

"முப்பத்திரண்டு கிலோ மேடம். நீங்க ஒரு தடவ தூக்கிப் பாருங்களேன், தெரியும்."

"எனக்கு அதிகாரம் இல்லம்மா. உத்தரவுல 'தாய்'னு தெளிவா இருக்கு."

கண்காணிப்பாளர் கெட்டவர் அல்ல. அவரிடம் ஒரு பதிவேடு இருந்தது, அவ்வளவுதான். பதினொரு மணிக்குப் பட்டாணி சம்மணம் போட்டு உட்கார்ந்து, புட்டியை வாயில் வைத்து ஒரே மூச்சில் இழுப்பாள். கண்காணிப்பாளர் புட்டியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். "இன்னும் அஞ்சு மில்லி இருக்கு பாப்பா." பட்டாணி அதையும் இழுத்துவிட்டு, சத்தமாக ஒரு ஏப்பம் விடுவாள். 'ஏப்பம்: வந்தது' என்று பதிவேட்டில் ஏறும்.

பேச்சுதான் கஷ்டம். மெல்லிய ஒலிகளுக்கு மேல் அப்பா ஏதாவது பேசினால் பேனா தூக்கப்படும். அதற்கும் அப்பனும் மகளும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்.

"ங்கா... கணக்கு டீச்சர் இன்னும் திட்றாங்களா ங்கா?"

"ங்கா. போன வாரம் நான் எண்பத்தெட்டு ங்கா."

"மிச்சப் பன்னெண்டு எங்க போச்சு ங்கா?"

முன்னும் பின்னும் 'ங்கா' இருப்பதால் கண்காணிப்பாளரால் ஆட்சேபிக்க முடியவில்லை.

தொட்டில் விவகாரம் வந்தது பட்டாணிக்கு ஏழு வயது நடந்தபோது. கால்கள் தொட்டிலுக்கு வெளியே தொங்கின. ஒரு நாள் தொட்டிலே பிளந்துகொண்டது. 'தொட்டில் போதவில்லை' என்று கண்காணிப்பாளர் எழுதிய ஒற்றை வரி பதிவாளருக்குப் போயிற்று. உத்தரவில் 'தொட்டில்' என்ற சொல்லை அடிக்க முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அது நீதித்துறையின் சொல். தொட்டிலோ வெறும் மரம். அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தொட்டில் நீட்டிப்புக் குழு அமைக்கப்பட்டது. நாலரை அடி போதும் என்றார் தச்சர். வழக்கின் வேகத்தைக் கருத்தில் கொண்டு, தொலைநோக்குடன் ஆறடியாகச் செய்துவிடலாம் என்று குழு முடிவெடுத்தது.

அதை நிறுவிய அன்று பதிவாளர் வந்து பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்காணிப்பாளர், தச்சர், அப்பா, தொட்டிலில் படுத்தபடி பட்டாணி.

"குழந்தையின் வளர்ச்சியைக் கண்டு அஞ்சுகிற நிறுவனம் அல்ல நம்முடையது" என்றார் பதிவாளர். "குழந்தை வளர்ந்தால் தொட்டிலும் வளரும். நாளை இந்தக் குழந்தைக்குத் திருமணமாகி, ஒரு குழந்தை பிறந்தாலும், தாயும் சேயும் சேர்ந்து இந்தத் தொட்டிலில் உறங்கலாம். அந்த அளவுக்கு வலுவான தேக்கு. இப்படியொரு வசதி வேறெந்த நீதிமன்றத்தில் இருக்கிறது?"

தச்சர் மட்டும் கைதட்டினார். மரத்தைப் பாராட்டியதால்.

இந்த ஆறடித் தொட்டிலில் படுத்துக்கொண்டுதான், ஒரு சனிக்கிழமை, பட்டாணி அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"ங்கா, அப்பா. நான் ஃபைனல்ஸுக்கு செலக்ட் ஆயிட்டேன் ங்கா."

"எதுல?"

"இருநூறு மீட்டர். எல்லா ஸ்கூலும் வருது. எட்டே பேர்தான்."

ஆட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நீ ஓடுவியா?"

"இது என்ன கேள்வி? நல்லா ஓடுவேன்."

அப்பாவுக்கு அது புதுச் செய்தி. மகள் தூக்கப்படுவதையும், உட்கார்வதையும், படுப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. அதில் ஒரு மேசை, ஒரு பாய், ஒரு கண்காணிப்பாளர், ஆறடித் தொட்டில் போக மிச்சமிருந்த இடத்தில் அவள் நான்கு எட்டு வைத்துப் பார்த்திருக்கிறார். ஓடிப் பார்த்ததில்லை.

"எப்ப?"

"அடுத்த மாசம் முதல் சனிக்கிழமை. பதினோரு மணிக்கு." பட்டாணி தொட்டிலிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள். "நீ வருவியாப்பா?"

இருவரும் 'ங்கா' சொல்வதை எப்போதோ மறந்துவிட்டார்கள். கண்காணிப்பாளர் பேனாவைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, மூடியைப் போட்டுக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா அன்றே வக்கீலிடம் ஓடினார். வக்கீல் வயதானவர். இந்த வழக்கு வந்தபோது அவருக்குத் தலைமுடி இருந்தது.

"ஒரே ஒரு சனிக்கிழமை சார். ஒரு மணி நேரம். தள்ளி நின்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"வாயத் தொறக்காத தம்பி. ஏழாவது பத்தி இருக்கு. மீறினா இருக்கறதும் போயிடும். மனு போடுவோம்."

"அவங்கம்மாவும் சரின்னு சொல்றாங்க."

"ஐயய்யோ, அத மட்டும் வெளிய சொல்லிராத. எதிர்க்கட்சி ஆட்சேபிக்கலன்னா மனுவையே எடுக்க மாட்டாங்க. அந்தம்மாகிட்ட சொல்லி நல்லா காரசாரமா ஒரு ஆட்சேபணை போடச் சொல்லு."

அப்படியே ஆயிற்று. அம்மா தன் மகள் ஓடக் கூடாது என்று நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டார். அவரை எழுத்தில் இவ்வளவு கடுமையாகப் பார்த்து அப்பாவே ஒரு கணம் ஆடிப்போனார்.

"நெசமாவே எதிர்க்கிறியா என்ன?" என்று வராந்தாவில் கேட்டார்.

"நீங்க போட்ட பழைய மனுவப் பாத்து அப்படியே பேர மாத்திப் போட்டேன். நல்லா இருந்துதா?"

ஆறாவது நீதிபதி மனுவை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"குழந்தை ஓடப்போகிறது என்கிறீர்கள்."

"ஆமாம் ஐயா" என்றார் வக்கீல். "இருநூறு மீட்டர்."

"பத்து மாதக் குழந்தை."

"இப்போது ஒன்பது வருடம் பத்து மாதம் ஐயா."

"ஆதாரம்?"

வக்கீல் பிறப்புச் சான்றிதழை நீட்டினார். நீதிபதி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது குழந்தை பிறந்ததற்குச் சான்று. வளர்ந்ததற்குச் சான்று எங்கே?"

"தேதியைக் கழித்துப் பார்த்தால் ஐயா..."

நீதிபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சாய்ந்தால் பேசப்போகிறார் என்று அர்த்தம். டைப்பிஸ்ட் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டார்.

"கழித்தல் என்பது என்ன? ஒரு முடிவுக்கு வருதல். முடிவுக்கு வருவது இறுதி விசாரணையில் செய்ய வேண்டிய காரியம். இடைக்காலக் கட்டத்திலேயே இந்த நீதிமன்றம் கழித்துவிட்டால், பிறகு இறுதி விசாரணையில் செய்ய என்ன இருக்கும்? குழந்தை வளர்ந்துவிட்டது என்று அவசரப்பட்டு இப்போதே சொல்லிவிட்டு, நாளை அது வளரவில்லை என்று தெரிந்தால் யார் பொறுப்பு? எங்களுக்குக் குழந்தையின் நலன் முக்கியம். அதனால்தான் குழந்தையைப் பார்க்காமலேயே இத்தனை ஆண்டுகள் முடிவெடுத்து வருகிறோம். பார்த்தால் மனம் இளகிவிடும். இளகிய மனத்தால் சட்டத்தைப் பிடிக்க முடியாது."

ஆனாலும் பெரிய மனது செய்து, குழந்தையை ஒருமுறை பார்க்கலாம் என்றார். அம்மா பட்டாணியைத் தூக்கிக்கொண்டு கூண்டருகே வந்தார். பட்டாணியின் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே ஆடின. நீதிபதியும் பட்டாணியும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு சனிக்கிழமை ஓடணும்" என்றாள் பட்டாணி, யாரும் கேட்காமலே. "அத எங்கப்பா பாக்கணும். அவ்ளோதான்."

நீதிபதி முகம் மலர்ந்தார். "என்ன இனிமையாக ஒலி எழுப்புகிறது" என்று டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். "மழலை என்று எழுதிக்கொள்ளுங்கள்."

பிறகு தீர்ப்பைச் சொன்னார். நீதிமன்றம் விளையாட்டுக்கு எதிரி அல்ல. குழந்தை தாராளமாக ஓடலாம். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அது சந்திப்பு அறையில் இருந்தாக வேண்டும். ஆகவே பந்தயம் சந்திப்பு அறையிலேயே நடத்தப்படட்டும். அறையின் நீளம் பன்னிரண்டடி என்பதால் நீளவாக்கில் ஐம்பத்தைந்து தடவை ஓட நேரிடும். அதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பாதம் தரையில் படாமல் பார்த்துக்கொள்வது தாயின் பொறுப்பு. மற்ற ஏழு குழந்தைகளும் விரும்பினால் வந்து கலந்துகொள்ளலாம். நீதிமன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை.

"பெரிய வெற்றி தம்பி" என்றார் வக்கீல் வெளியே வந்து, வியர்வையைத் துடைத்தபடி. "ஓடலாம்னு முதல்முதலா ஒத்துக்கிட்டாங்க பாத்தியா?"

வராந்தா பெஞ்சில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்பது வருடம் இருக்கும்.

"நான் அவள நேரா கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அம்மா.

"உத்தரவு?"

"உத்தரவு அவங்களது. முதுகு என்னோடது. பொண்ணு நம்மளது."

"நான் வந்தேன்னா அப்புறம் ஆயுசுக்கும் அவளப் பாக்க விட மாட்டாங்க. வக்கீல் சொல்றாரு."

"வரதும் வராததும் உங்க இஷ்டம். ஆனா வரலன்னா அத நீங்களே அவகிட்ட சொல்லுங்க. உத்தரவுல இருக்கிற மாதிரி, ங்கான்னு சொல்லுங்க."

அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் உட்கார்ந்து கிரீஸ் போடும்போதும் அதே கணக்குதான். போகாவிட்டால், வாரம் இரண்டு மணி நேரம் பத்து மாதக் குழந்தை ஒன்று நிச்சயமாகக் கிடைக்கும். போனால், பத்து வயதுப் பெண் ஒருத்தி அரை நிமிடம் கிடைப்பாள். அதற்கப்புறம் எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு மைதானத்தின் கம்பி வேலியோரம் வந்து நின்றார். சலவை செய்த சட்டை போட்டிருந்தார்.

பட்டாணி தூரத்தில் நடந்துகொண்டிருந்தாள். சும்மா நடந்துகொண்டுதான் இருந்தாள், தண்ணீர் பாட்டிலை ஆட்டியபடி. அவள் நடக்கும்போது வலது தோள் லேசாக முன்னால் போவதை அவர் அன்றுதான் கவனித்தார். அது அவருடைய அப்பாவின் நடை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் அம்மாதான் இருந்தார்.

"எங்கப்பா மாதிரியே நடக்கிறா."

"ஆமா, அந்த ஒண்ணுதான் உங்க வீட்டுலேர்ந்து வந்துது" என்றார் அம்மா.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்காணிப்பாளர் அம்மாள் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். ஒரு கையில் பதிவேடு. மறு கையில் துண்டில் சுற்றிய புட்டி. அறையில் குழந்தை இல்லையென்றால் குழந்தை இருக்கும் இடத்தில் பதிவேடு இருக்க வேண்டும் என்பது அவருடைய விதி. அதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"மேடம், தடுக்கப் போறீங்களா?" என்றார் அப்பா.

"எனக்கு அதிகாரம் இல்ல சார். பாக்க மட்டும்தான் அதிகாரம்." மூச்சு வாங்கியது. "எந்த லேன்ல ஓடுது?"

"அஞ்சு."

விசில் அடித்தது. பட்டாணி ஓடினாள். அவள் ஓடிய விதத்தைச் சொல்ல அப்பாவுக்கு வார்த்தை இல்லை. பிறகு வக்கீல் கேட்டபோதும், "வந்துது சார், போயிடுச்சு" என்றுதான் சொன்னார். வளைவில் ஆறாவதாக இருந்தாள். நேர்ப் பாதையில் இரண்டு பேரைத் தாண்டினாள். கோட்டுக்குப் பத்தடி முன்னால் இன்னொருத்தியையும் தாண்டி மூன்றாவதாக வந்தாள். முப்பத்துநான்கு விநாடி. அப்பா வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்கு ஒருகாலத்தில் பழக்கமான அதே சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"கைதட்டினீங்களே மேடம்" என்றார் அப்பா, எல்லாம் அடங்கிய பிறகு.

"அதுக்குப் பதிவேட்டுல கட்டம் இல்ல சார்."

கண்காணிப்பாளர் புல்லில் உட்கார்ந்து பதிவேட்டை விரித்தார். 'பாதம் தரையில் பட்டதா?' பட்டது. 'எத்தனை முறை?' வெகுநேரம் யோசித்துவிட்டு, 'எண்ண முடியவில்லை' என்று எழுதினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நீதிமன்ற அவமதிப்பு விசாரணை. ஹாலில் உட்கார இடமில்லை. மூன்று பேரும் நின்றார்கள். பட்டாணி தன் காலிலேயே நின்றாள். அன்று தூக்க அம்மா மறுத்துவிட்டார்.

வக்கீல் தன்னால் ஆனதைச் செய்தார். "ஓட்டத்தில், ஐயா, பாதி நேரம் இரண்டு பாதமும் அந்தரத்தில்தான் இருக்கும். ஆக, முப்பத்துநான்கு விநாடி மீறல் என்பது உண்மையில் பதினேழுதான்."

நீதிபதி அதை ரசிக்கவில்லை. அச்சடித்த மன்னிப்புத் தாள் ஒன்று அப்பாவிடம் நீட்டப்பட்டது. பெயர் எழுதக் கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு, 'கண்ணீருடன்' என்ற சொல்லுக்கு எதிரே டிக் அடிக்க ஒரு கட்டம்.

"போட்டுரு தம்பி" என்று வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார். "போட்டா நாளைக்கே பழையபடி ரெண்டு மணி நேரம்."

அப்பா தாளைப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "தப்பு ஒண்ணும் பண்ணலயே ஐயா. எம் பொண்ணு ஓடினத பாத்தேன். மறுபடி ஓடினா மறுபடி பாப்பேன்."

"நானும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அம்மா. "என்கிட்ட இன்னும் நீட்டல. நீட்டறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?" என்றார் நீதிபதி. "ஐந்து நீதிபதிகள் கட்டிக் காத்த உத்தரவு இது. இதை நான் ரத்து செய்துவிட்டால், உங்கள் குழந்தையை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?"

அப்பா நிஜமாகவே யோசித்தார்.

"கண்ணாலதான் ஐயா" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. பெஞ்ச் கிளார்க் இருமுவதுபோல் குனிந்துகொண்டார். நீதிபதியின் காது சிவந்தது.

"ரத்து!" என்று மேசையைத் தட்டினார். "இடைக்கால உத்தரவு அதன் எல்லாப் பத்திகளுடனும் இந்தக் கணமே ரத்து செய்யப்படுகிறது! போதுமா?"

டைப்பிஸ்டின் விரல்கள் படபடவென்று ஓடின. ஒன்பது வருடத்தில் அந்த வழக்கில் நடந்த வேகமான காரியம் அதுதான்.

அப்பா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்படியே நின்றவருக்கு, பழுதான லிஃப்டின் முன்னால் நிற்கும்போது வருகிற ஒரு யோசனை வந்தது.

"ஐயா, ஒரு சந்தேகம். எல்லாப் பத்தியும்னா ஏழாவதும் சேர்த்தியா?"

"சந்தேகமே வேண்டாம். எல்லாம்."

"வேற எங்கயும் பாக்கக் கூடாதுன்னு சொன்னது அந்த ஏழாவதுதானே? வேற எதுலயும் இல்லியே? ஒரே ஃபியூஸ்ல லிஃப்டும் பூட்டும் இருந்தா, ஃபியூஸ புடுங்கினதும் லிஃப்ட் நின்னுரும். ஆனா பூட்டும் தொறந்துக்கும் ஐயா."

வக்கீல் உத்தரவைப் புரட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் புரட்டினார். நீதிபதியும் புரட்டினார்.

நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். குரல் திடீரென்று கனிந்திருந்தது. "அம்மா, உத்தரவு இல்லாவிட்டால் இந்த மனிதர் நாளை உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார். என்ன செய்வீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்."

"கதவத் தொறப்பேன். உள்ள கூப்பிட மாட்டேன், அது வேற விஷயம். பொண்ண அனுப்புவேன்."

"சரி, சரி. யாரும் அவசரப்பட வேண்டாம்." நீதிபதி டைப்பிஸ்டைப் பார்த்தார். "அந்தக் கடைசி வரியை அழித்துவிடுங்கள்."

டைப்பிஸ்ட் எழுந்து நின்றார். முப்பது வருட சர்வீஸ். "பிறப்பிச்ச உத்தரவ அழிக்க முடியாதுங்க ஐயா. மறுபரிசீலனை மனு வரணும். கட்சிக்காரர்ல யாராவது ஒருத்தர் போடணும். அப்புறம் நோட்டீஸ், அப்புறம் ஆட்சேபணை..."

நீதிபதி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார், இல்லையென்று. அம்மாவைப் பார்த்தார். அம்மா அதற்கு முன்பே ஆட்டத் தொடங்கியிருந்தார்.

"அவமதிப்பு நடவடிக்கை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்" என்றார் நீதிபதி.

வக்கீல் எழுந்தார். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக நிமிர்ந்து நின்றார். "அவமதிக்க இப்போது உத்தரவே இல்லையே ஐயா."

மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். படிக்கட்டில் பாதி இறங்கியபோது மேலேயிருந்து பெஞ்ச் கிளார்க் கைப்பிடியில் சாய்ந்து கத்தினார். "சார்! அம்மா! அடுத்த தேதி வாங்காம போறீங்களே!"

"நீங்களே வெச்சுக்கோங்க!" என்றார் அம்மா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கீழே வாசலில் அப்பா நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பாக்கெட்டில் விட்டார், எடுத்தார். நாளைக்குச் சனிக்கிழமை. எத்தனை மணிக்கு, எந்த அறையில், எவ்வளவு நேரம் என்று எழுதிய தாள் எதுவும் அவர் கையில் இல்லை.

"நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டும்?" என்றார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா மகளைக் கைகாட்டினார்.

பட்டாணி கொஞ்சம் யோசித்தாள்.

"ஆறு மணிக்கு. காலைல."

"ஆறா?"

"கிரவுண்ட் அப்பதான் காலியா இருக்கும். ஷூ போட்டுட்டு வா, நீயும் ஓடணும்" என்றாள். "ரெண்டு வாரத்துல அடுத்த பந்தயம், அதுல நான் முதலாவதா வரணும். லேட் பண்ணா உனக்காக நிக்க மாட்டேன்."